ஸ்ட்ராபெர்ரிக்கு அம்மை போட்ட தை மாதம்

பக்கத்து வீட்டுச் செடியின் மேல் எனக்கு வந்ததைப் பொறாமை என்று நாசூக்காகச் சொல்லலாம். வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி. அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் டர்னர். காலைச் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார், சாயங்காலச் சங்கு ஊதினால் திரும்புவார். நடுவில் இருக்கும் பொழுது முழுக்க எனக்கும் என் செடிகளுக்கும்தான்.

நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிப் பூந்தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில். மல்லிகை, சம்பங்கி, கதம்பத்துக்கு மருக்கொழுந்து என்று வளர்ந்த வீடு. பொன்மலைக்கு வந்த ஆறே மாதத்தில் எங்கள் கொல்லையை ஒரு குட்டித் தோட்டமாக்கிவிட்டேன். பழைய எண்ணெய் டின்களில் ரோஜா, வேலியோரம் கனகாம்பரம், பந்தலில் முல்லை. வரிசையில் இருந்த பெண்கள் வெள்ளிக்கிழமையானால் என் வீட்டு வாசலில்தான் பூவுக்கு நிற்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோட்டம் என்றில்லை, எதைப் பற்றியும் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு என்னிடம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். குழம்பு எப்படி என்று கேட்டால் "இருக்கு" என்பார். புதுப் புடவை எப்படி என்று கேட்டாலும் "இருக்கு" என்பார். கெட்ட மனுஷர் இல்லை. கையிலிருக்கும் சம்பளக் கவரை அப்படியே என்னிடம் நீட்டுகிறவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். சில பேருக்கு வாய் வராது, அது பிறவி என்று என் மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன்.

அந்த ஆவணியில் பக்கத்து வீட்டுக்குக் குன்னூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மலை ரயில் எஞ்சின்கள் பழுது பார்க்க எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். அந்த வேலைக்கு உதவியாக, குன்னூரில் ஃபிட்டராக இருந்த அந்த ஆளை ஆறேழு மாதத்துக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள். அவன் பெண்சாதி என்னைவிட இரண்டு வயது இளையவள். வண்டியிலிருந்து பெட்டி படுக்கையை இறக்குவதற்கு முன்னால், ஈரச் சாக்கில் சுற்றிய ஐந்து மண் தொட்டிகளை இறக்கினாள். குழந்தையை வாங்குவது மாதிரி ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் வாங்கி, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நிழலில் வைத்தாள்.

"இது என்ன செடிம்மா?" என்று வேலி மேலாகக் கேட்டேன்.

"ஸ்ட்ராபெர்ரிக்கா. குன்னூர்ல எங்க வீட்டு வாசல்ல இருந்தது. விட்டுட்டு வர மனசு வரல" என்றாள்.

எனக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. தரையோடு தரையாக, மும்மூன்று இலையாக, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்தது. திருச்சி வெயிலுக்கு இது நாலு நாள் தாங்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

தாங்கிவிட்டது. வெயில் ஏறினால் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்துவாள், இறங்கினால் வெளியே கொண்டுவருவாள். ஐப்பசி மழை வந்ததும் செடிகள் தளதளவென்று விரிந்து, பக்கத்தில் கொடி விட்டு, கொடி நுனியில் குட்டி போட்டன. வெள்ளிக்கிழமைப் பூவுக்கு என்னிடம் வந்த பெண்கள், பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, நேரே அடுத்த வீட்டுக்குப் போய் அந்தத் தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது வேறு. ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வேலிப் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது ஸ்ட்ராபெர்ரிதானே?" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். "அண்ணனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் குன்னூர் எஞ்சின் கொட்டகையில் மூன்று வருஷம் வேலை கற்றுக்கொண்டவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோது தரகர் சொன்ன தகவல் அது. அன்றைக்கு வேலியோரம் நின்று அவர் பேசினார். பனி எப்படிக் கொட்டகைக்குள் நுழைந்து எஞ்சினையே மறைக்கும் என்று பேசினார். விறைத்த கையைப் பாய்லர் பக்கம் நீட்டிச் சூடேற்றியதைச் சொன்னார். கேட் காவலாளி ஒருவர் லைன் ஓரத்தில் ஸ்ட்ராபெர்ரி போட்டிருந்தாராம், ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு நாலு பழம் தருவாராம். நான் அரிசி களைந்து, உலை வைத்து, கஞ்சியும் வடித்தாகிவிட்டது. அவர் இன்னும் வேலியோரமே நின்றுகொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் வேறு கேட்டது. அவருக்குச் சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க அவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்ல" என்றார். அப்புறம் குழம்பைப் பற்றிக் கேட்டேன். "இருக்கு" என்றார்.

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது அந்த வேலியோரப் பேச்சு நடந்தது. தப்பாக எதுவும் இல்லை. அவள் புருஷனும் பீடியைக் குடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்பான். அவளும் வாய் நிறைய அண்ணே, அண்ணே என்றுதான் பேசுவாள். தப்பாக இருந்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். என் புருஷனின் பேச்சு அந்த ஐந்து தொட்டிக்குக் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? என் ரோஜா அந்த மாதம் ஒரே கொத்தில் ஏழு பூ பூத்தது. பார்த்துவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போனார்.

மார்கழியில் முதல் பழங்கள் வந்தன. ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். வேலியோரம் நின்றே வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்றை இலையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு இந்த மாதிரிச் சீமைப் பழமெல்லாம் ஒத்துக்காதும்மா" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அன்று முழுக்க அந்தப் பழத்தின் வாசனையும் மூக்கிலேயே இருந்தது.

தை பிறந்ததும் அவள் தங்கைக்குக் கல்யாணம். பதினைந்து நாள் குன்னூர் போகிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்களை விட்டா யாருமில்ல. இந்த அஞ்சு தொட்டிக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்திருங்க. காலையில, வேருக்கு மட்டும். இலை நனையக் கூடாதுக்கா. நனைஞ்சா இதுக்கு ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. கொள்ளிடக் கரையில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டி வளர்ந்தவள் நான். எனக்கு இவள் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கொடுக்கிறாளா என்று நினைத்துக்கொண்டு, "போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

எங்கள் தோட்டத்தில் வெயில் தாழ்ந்த பிறகு செடிகளுக்குத் தலையோடு ஊற்றுவோம். பகலெல்லாம் காய்ந்த இலை குளிர வேண்டாமா, மனுஷனுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவது போலத்தான் அதுவும் என்பார் என் அப்பா. நானும் அப்படியே செய்தேன். வேண்டுமென்றே செய்தேனா, பழக்கத்தில் செய்தேனா என்று கேட்டால், முதல் நாள் பழக்கம், மற்ற நாளெல்லாம் வீம்பு. தினம் சாயங்காலம், அவர் வருவதற்கு முன்னால், ஒரு வாளித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஐந்து தொட்டிக்கும் தலையோடு ஊற்றினேன். தை மாதப் பனியும் சேர்ந்துகொண்டது. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் இன்னும் நனைந்தபடியே இருக்கும்.

நான்காம் நாள் என்று நினைக்கிறேன். ஓரத்துத் தொட்டியில், தரையோடு கிடந்த ஒரு கிழட்டு இலையில் புள்ளிகளைப் பார்த்தேன். கடுகைவிடச் சிறிய, கருஞ்சிவப்பான புள்ளிகள். அதில் இரண்டு மூன்று கொஞ்சம் பெரிதாகி, நடுவில் வெளுத்து, சுற்றிலும் ஊதா நிறத்தில் வளையம் கட்டியிருந்தன.

இந்த இடத்தில் நான் பொய் சொல்லப் போவதில்லை. அது நோய் என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ராபெர்ரியை எனக்குத் தெரியாது, ஆனால் இலையைத் தெரியும். என் மல்லிகையில் அப்படி ஒரு புள்ளியைக் கண்டால், அந்த இலையைக் கிள்ளி அடுப்பில் போடாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன். ஒரே ஒரு இலை. குனிந்தால் கைக்கு எட்டும். நான் குனியவில்லை. சொம்பை மொண்டு அதன் தலையில் ஊற்றினேன். தண்ணீர் அந்த இலையில் விழுந்து பக்கத்து இலைகளுக்கெல்லாம் தெறித்தது.

அவள் திரும்பி வந்தபோது ஐந்து தொட்டியும் புள்ளி புள்ளியாக இருந்தன. புதிதாக வந்த பூக்கள் காம்போடு கருகியிருந்தன. பிரயாணப் புடவையைக்கூட மாற்றாமல் தொட்டிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

"அக்கா, இது என்னக்கா?" என்று கேட்டாள்.

"அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றேன். நான்தான் சொன்னேன்.

சொல்லிவிட்டுப் பார்த்தால் அச்சாக அப்படித்தான் இருந்தது. சிவப்பு விளிம்பும் வெள்ளைக் கண்ணுமாக, முத்து முத்தாக. வரிசைப் பெண்கள் கூடிவிட்டார்கள். அந்த நாளில் அம்மை என்றால் யாருக்கும் விளையாட்டில்லை. இரண்டு வீடு தள்ளி அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. சமயபுரத்துக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள் ஒருத்தி. "யாரு கண்ணு பட்டுதோ" என்றாள் இன்னொருத்தி. சட்டென்று என் வாய் முந்திக்கொண்டது.

"மஞ்சத்தண்ணி கரைச்சு வேப்பங்கொத்தால தெளிச்சுப் பாரும்மா. அம்மை கண்ட இலையைக் கிள்ளிராத. ஆத்தா கோவிச்சுக்குவா."

தெளிக்கச் சொன்னதில் பாதி நம்பிக்கை இருந்தது. கிள்ளாதே என்று சொன்னதில் நம்பிக்கை எதுவும் இல்லை. அது என் நெஞ்சிலிருந்த விஷம்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, முதல் தொட்டியில் தட்டுவாள், அதே கொத்தால் இரண்டாவதில், மூன்றாவதில் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போவாள். சாயங்காலம் மறுபடியும். செடிக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஒரு தொட்டியின் நோயை அடுத்த தொட்டிக்குத் தன் கையாலேயே எடுத்துப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் புள்ளி ஒரு பூஞ்சாண நோய், அதன் வித்து தண்ணீர் தெறிப்பில்தான் இலைக்கு இலை தாவுகிறது, நனைந்த இலையில்தான் முளைக்கிறது என்று ரொம்ப வருஷம் கழித்து வானொலியில் விவசாய நிகழ்ச்சியில் சொல்லக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டேன்.

அந்த மாதம் ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம். என் வீட்டுக்காரர் பகல் வெளிச்சத்தில் அந்தச் செடிகளைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வேலியைச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மையுமில்ல ஒண்ணுமில்ல. இது இலைப்புள்ளி. குன்னூர்ல அந்தக் காவலாளி இதைப் பார்த்தா அன்னிக்கே கிள்ளி எரிச்சிருவாரு. மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னது யாரும்மா?"

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் தெளிச்சேன் அண்ணே. எனக்குத் தெரியல" என்றாள்.

அவர் எழுந்து என்னைப் பார்த்தார். "பூந்தோட்டத்துல பொறந்தவ நீ. தினம் தண்ணி ஊத்தினியே, உன் கண்ணுலகூடவா படல?"

"படல" என்றேன். அந்த மாதத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அன்றைக்கே இலைகளைக் கிள்ளி எரித்தார்கள். கிள்ளிய பிறகு தொட்டியில் மிச்சம் இருந்தது நாலு குச்சி. மாசி வெயில் ஏற ஏற அவையும் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. வேலியோரப் பேச்சு நின்றுபோனது. என் வீட்டுக்காரர் வந்ததும் கால் கழுவிவிட்டு நேரே உள்ளே வந்தார். உள்ளே வந்து என்னிடம் பேசினாரா என்றால், அதுவும் இல்லை.

மாசிக் கடைசியில் அவர்களுக்குக் குன்னூருக்கே திரும்ப ஆர்டர் வந்தது. கிளம்புகிற அன்று அவள் ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அதில் ஒரு ஸ்ட்ராபெர்ரிச் செடி. ஒரு புள்ளி இல்லை. நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூ.

"மழையில விட்ட கொடியில பதியம் போட்டதுக்கா. உங்களுக்குன்னு வெச்சது. பூ விட்ட பிறகு கொடுக்கலாம்னு குழாயடிக்குப் பின்னால மறைச்சு வெச்சிருந்தேன். அதான் ஊருக்குப் போறப்பகூட உங்ககிட்ட சொல்லல. குழாய்த் தண்ணி கசிவுலயே பிழைச்சுக்கிச்சு."

நான் தண்ணீர் ஊற்றாத ஒரே செடி அது. அதனால்தான் அது மட்டும் பிழைத்திருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்குமா, தெரிந்துதான் கொடுத்தாளா என்று அவள் முகத்தைத் துழாவிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போன வீட்டிலிருந்து வாங்கி வந்த சாந்துப்பொட்டும், ஊருக்குத் திரும்பும் சந்தோஷமும்தான் தெரிந்தது. நான் அவளுக்கு ஒரு பந்து முல்லை கட்டிக் கொடுத்தேன். என் குற்றத்தைச் சொல்ல வாயெடுத்தேன், வண்டி வந்துவிட்டது.

அந்தச் செடிக்கு நான் காலையில்தான் தண்ணீர் ஊற்றினேன். வேருக்கு மட்டும், டம்ளரால். பூ உதிர்ந்து பச்சையாக ஒரு காய் பிடித்து, பங்குனிக் கடைசியில் சிவந்தது. சுண்டுவிரல் நுனி அளவு ஒற்றைப் பழம். ஒரு காலையில் சைக்கிளை வெளியே எடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பழுத்திருச்சே. சாயங்காலம் வந்து பறிக்கலாம்" என்றார்.

அவர் முகத்தில் அந்த வேலியோரச் சிரிப்பு இருந்தது. அன்று பகல் முழுக்க அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சாயங்காலம் அந்தப் பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குன்னூருக்குப் போய்விடுவார். அவளையும் அவள் தொட்டிகளையும் நினைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று மணி வரைக்கும் தாக்குப் பிடித்தேன். அப்புறம் கொல்லைக்குப் போனேன், பறித்தேன், நின்றபடியே தின்றேன். புளித்தது. மார்கழியில் மூக்கிலேயே நின்ற அந்த வாசனைகூட இதில் இல்லை.

அவர் வந்ததும் கொல்லைக்குத்தான் போனார்.

"அணில் கடிச்சிட்டுப் போயிருச்சுங்க" என்றேன்.

வெறும் காம்பைத் தொட்டுப் பார்த்தார். "சரி விடு. நீ ஒரு வாய் தின்னு பார்க்கணும்னுதான் நெனச்சேன்" என்றார். பிறகு, கால் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட பேசின மொத நாளே கேட்டு வெச்சது இது. எங்க வீட்டுல அவளுக்குச் செடின்னா உசுரு, ஒரு பதியம் போட்டுக் குடும்மான்னு. தினம் போய் எப்ப ஆகும் எப்ப ஆகும்னு நின்னு, அவளுக்கே அலுத்துப் போச்சு."

எனக்கு நாக்கில் இன்னும் அந்தப் புளிப்பு இருந்தது. சொல்லியிருக்கலாம். நான்தான் தின்றேன் என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், ஒருவேளை சத்தமாகவே சிரித்திருப்பார். ஆனால் அணிலில் ஆரம்பித்தால் மஞ்சள் தண்ணீரில் போய்த்தான் முடியும், அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போய் ஒரு முழம் கம்பி வலை வாங்கி வந்தார். கொல்லையில் உட்கார்ந்து, அணிலின் கை நுழையாதபடி மடக்கி, அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு கூண்டு கட்டினார். வலையின் மறுமுனை சுருண்டு சுருண்டு போனது. "இதைக் கொஞ்சம் பிடி" என்றார். அவர் கட்டி முடிக்கும் வரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.